வெட்டி எடுத்த மூச்சு

மூன்றாவது உருளையில் பெயரைச் சொன்ன வாயும் பாட்டைப் பாடிய வாயும் ஒன்றல்ல என்பது றொய்சனுக்கு முதல் தரம் கேட்டபோதே தட்டுப்பட்டது. ஆனாலும் நூற்றிருபது வருசத்து மெழுகு, வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த மெழுகு, ஊசி ஓட ஓட அடுப்பில் உப்பைப் போட்டதுபோல் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்கிற மெழுகு, இதில் எந்த வாயை எந்த வாயென்று கண்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, ஹெட்ஃபோனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

இசைத்தட்டுக்கு முந்திய அந்தக் காலத்து மெழுகு உருளைகளில் பாட்டுக்கு முன்னால் ஒரு அறிவிப்பு இருக்கும். பாட்டின் பெயர், பாடுபவரின் பெயர், கொம்பனியின் பெயர், மூன்றையும் கூட்டத்தில் கூவுகிறவன் மாதிரி உரத்துச் சொல்லிவிட்டுத்தான் பாட்டுத் தொடங்கும். இந்த உருளைகளில் அறிவிப்பையும் பாடகரே செய்வார் என்று கூட வந்த கோப்பில் எழுதியிருந்தது. பாடுபவர் எட்மண்ட் காஸ்வெல் என்று அந்த மனிதர் சொன்னார். தடித்த, சளி கட்டிய, எப்போது முடியும் என்று அவசரப்படுகிற குரல். பிறகு இரண்டு வினாடிக்கு வெறும் இரைச்சல். பிறகு வந்த குரலில் சளியும் இல்லை, அவசரமும் இல்லை. அது தெளிந்த தண்ணீர்போல ஏறி, மேலே நின்று, எந்தச் சிரமமும் இல்லாமல் கீழே இறங்கியது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில், வீட்டு பேஸ்மென்றில் றொய்சனுக்கு ஒரு அறை இருந்தது. பகலில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனிக்கு வீட்டிலிருந்தே கொம்பியூட்டர் வேலை. மிச்ச நேரத்தில் பழைய கசெற், பழைய இசைத்தட்டு, கலியாண வீடியோ என்று எது வந்தாலும் சுத்தம் செய்து கொடுப்பான். மெழுகு உருளை வந்தது இதுதான் முதல் தடவை. றிச்மண்ட் ஹில்லில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, காஸ்வெலின் பேத்தியின் மகள், பதினொரு உருளைகளைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்திருந்தாள். அவற்றைத் தொடுவதற்கும் ஒரு முறை இருந்தது. வெளிப்பக்கத்தில் விரல் படக்கூடாது, உடம்புச் சூடு பட்டாலே வரிகள் கரையும். உள்ளே இரண்டு விரலை விட்டு, மெல்ல அகட்டி, அப்படியே தூக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் பழைய சவர்க்கார வாசம் வரும், அதற்கு அடியில் ஈரத்தில் கிடந்த கோட்டின் வாசம்.

இரைச்சலை நீக்குகிற மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் சரி போட்டால் சுத்தமான பாட்டுக்குப் பதிலாக, பாட்டிலிருந்து வெட்டி எடுத்த குப்பை மட்டும் கேட்கும். ஒழுங்கான வேலைக்காரன் அதை ஒருதரம் கட்டாயம் கேட்பான், குப்பையோடு பாட்டும் சேர்ந்து போய்விட்டதோ என்று பார்க்க. றொய்சன் இந்த விசயத்தில் ஒழுங்கான வேலைக்காரன். கட்டத்தில் சரி போட்டான், கண்ணை மூடினான், கேட்டான்.

சரசரப்பு. வெடிப்பு. அதற்கு அடியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்புத் தொடங்குவதற்கு முன்பே அது இருந்தது. காஸ்வெல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அது உள்ளே போய், நின்று, வெளியே வந்தது. பேசுகிற மனிதனால் அதே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. ஆக, பாட்டை வாங்கி மெழுகுக்கு அனுப்புகிற புனலுக்கு முன்னால் இன்னொரு ஆள் நின்றிருக்கிறான், முறை வரட்டும் என்று காத்துக்கொண்டு. அறிவிப்பு முடிந்ததும் சப்பாத்துக் கால்கள் இரண்டு சோடி இடம் மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு நின்றது, பாட்டு வந்தது.

அன்றைக்கு அவன் கோப்பை முழுதாக வாசித்தான். காஸ்வெல் ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு தேவாலயத்தில் ரெனர் பாடியவர், அதாவது ஆண்களுக்குள் மேல்சுரம் பாடுகிற குரல். அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கொம்பனி கூப்பிட்டு ரயில் ஏற்றியது. ஒரு உருளையைப் பார்த்து இன்னோர் உருளை அச்சடிக்கத் தெரியாத காலம் அது. மூன்று தகரப் புனல்களுக்கு முன்னால் நின்று ஒருதரம் பாடினால் மூன்று உருளை கிடைக்கும். நூறு உருளை வேண்டுமென்றால் அதே பாட்டை முப்பத்துநான்கு தரம், அதே சிரிப்போடு, அதே அழுகையோடு பாட வேண்டும். இரண்டாவது மாரிக் குளிரில் காஸ்வெலின் குரல் போய்விட்டது. பெயர் மட்டும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி தமக்கைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்று கோப்பில் கிடந்தது. எட்மண்ட் இப்போது பெயரை மட்டும்தான் சொல்கிறார், பாடுவது ஒரு ட்ராம் வண்டிக் கண்டக்டர், அவனுடைய பெயர் எனக்கு மறந்துவிட்டது என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியை கிழவனாரின் கதையை உருளைகளைத் தந்த அன்றே சிரித்துச் சிரித்துச் சொல்லத் தொடங்கியிருந்தாள், கடைசிக் காலத்தில் அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே செத்துப்போனார் என்று. றொய்சன் வேலை இருக்கிறது என்று பாதியில் வெட்டிவிட்டான். இப்போது அந்தக் கடிதத்தை மடித்து வைக்கையில் அவனுக்குக் காது மடல் சுட்டது. அறையில் யாருமில்லை, ஆனாலும் வெட்கமாக இருந்தது. நல்லாய் வேணும் உனக்கு என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது.

ஏனென்றால் றொய்சனிடமும் ஒரு சீடி இருந்தது. ரொறன்ரோவில் தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டில் ஒருவர் செத்தால், பியூனரல் ஹோமில் உடலைப் பார்வைக்கு வைக்கிற இரண்டு நாளும் அந்தச் சீடிதான் ஓடும். ஒன்பது தபசுகாலப் பாட்டுகள், யேசுவின் பாடுகளை நினைத்து அழுகிற பாட்டுகள். உறையில் சிலுவைப் படம், அதற்குக் கீழே 'பாடியவர்: றொய்சன்'. அந்த ஒன்பதில் ஒரு வரிகூட றொய்சன் பாடியதில்லை.

பாடியவன் இக்னேசியஸ், மன்னார் பேசாலைக்காரன். 2005இல் பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்ற் அறையில், சுவருக்கு மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு, றொய்சன்தான் பதிவு செய்தான். சத்தத்தின் அளவு பார்க்க ஏதாவது சொல்லு என்றபோது இக்னேசியஸ் தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுடைய அகதி வழக்கு அப்போது தோற்றுப்போயிருந்தது, எந்தக் கிழமையும் திருப்பி அனுப்பலாம் என்ற நிலைமை. உன்னுடைய பெயரைப் போட்டால் இமிக்கிரேசன்காரன் கண்ணில் படும், இப்போதைக்கு என்னுடைய பெயரைப் போடுவோம், பிறகு மாற்றுவோம் என்று றொய்சன் சொன்னான். இமிக்கிரேசன்காரன் தபசுகாலப் பாட்டுச் சீடி வாங்கிக் கேட்கமாட்டான் என்பது றொய்சனுக்கு அப்போதே தெரியும். இக்னேசியஸ் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "ஆரின்ர பேரெண்டா என்ன, பாட்டுத்தானே" என்றான்.

அடுத்த வருசம் அவனைப் பிளேனில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கினான் என்பது வரைக்கும் தெரியும். பேசாலைக்குப் போய்ச் சேரவில்லை. யுத்த காலம், யாரைப் போய் யார் கேட்பது. றொய்சன் அந்தக் கிழமையே கொம்பியூட்டரைத் திறந்து, அவன் பெயர் சொல்லிச் சிரித்த துண்டை வெட்டி அழித்தான். ஏன் அழித்தான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் மனிதர்கள் கையைப் பிடித்து அழத் தொடங்கியிருந்தார்கள். என்ன குரல் தம்பி உங்களுக்கு என்றார்கள். கிளடிஸ் தன் தகப்பனின் செத்தவீட்டில் அந்தச் சீடியைக் கேட்டுவிட்டு, பாடியவரைப் பார்க்க வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் கலியாணம் நடந்தது. தொண்டையில் ஒரு கட்டி எடுத்ததில் பழைய குரல் போய்விட்டது என்று வாய் கூசாமல் அவளுக்குச் சொல்லியிருந்தான். பதினெட்டு வருசமாக அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள், பாவம். மாரி காலத்தில் அவன் இருமினால் சுடுதண்ணீரும் தேனும் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். அவன் அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பான்.

இதெல்லாம் பழகிப்போன வெட்கம். புதிய வெட்கம் செவ்வாய்க்கிழமை போனில் வந்தது.

இக்னேசியஸின் மனைவி அன்ரனெற், தமையன் மூலமாகக் கனடா வந்து, மகள் மெலிசாவோடு ஸ்காபறோவில் இருந்தாள். மெலிசா வயிற்றில் இருக்கும்போது ஊரைவிட்டு வெளிக்கிட்டவன் இக்னேசியஸ், ஆகவே அப்பனை அவள் கண்டதே இல்லை. வருகிற மாதம் அவளுக்குக் கலியாணம். அன்ரனெற் சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். பதிவுகள் செய்கிறவர் நீங்கள், இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்தீர்கள், ஒரு சிரிப்பு, ஒரு ஹலோ, எதுவென்றாலும் இருக்கிறதா, மகள் தகப்பனின் குரலை ஒருதரம் கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறாள் என்றாள்.

"இல்லைத் தங்கச்சி," என்றான் றொய்சன். "ஒண்டும் மிஞ்சேல்லை."

"பரவாயில்லை அண்ணை. உங்கட சீடியைக் கேட்கேக்க எனக்கு இவர் பாடுற மாதிரியே கிடக்கும். ஒண்டாப் பாடிப் பழகினீங்கள், அதுதானாக்கும்."

அவள் போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு அப்பனின் குரல் கிடைக்கும். சொன்னால் கிளடிஸின் முகத்தில் எப்படி முழிப்பது, கோயில் சனம் என்ன சொல்லும். எவ்வளவு கேவலமான தராசு என்று தெரிந்தும் புதன், வியாழன் இரண்டு நாளும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். மாசி முடிந்தும் பனி போகவில்லை, பேஸ்மென்ற் ஜன்னலின் பாதி வரைக்கும் கிடந்து வெளிச்சத்தைச் சாம்பல் நிறமாக்கிக்கொண்டிருந்தது. கிளடிஸ் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். ஐந்தரைக்கு வந்து அவனையும் ஏற்றிக்கொண்டு கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. றொய்சன் ஒன்பதாவது உருளையை இரண்டு விரலில் தூக்கிப் பொருத்தி, ஊசியை இறக்கி, பதிவு செய்து, சுத்தம் செய்து, வழக்கம்போலக் குப்பையைக் கேட்டான். மூச்சு இருந்தது. அறிவிப்பு முடிந்தது, சப்பாத்துகள் மாறின, பாட்டுத் தொடங்கியது.

மூச்சு நிற்கவில்லை.

பாடுகிறவன் பாடிக்கொண்டிருந்தான். அதற்கு அடியில், அவனுக்குப் பின்னால், இன்னும் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அது காஸ்வெலாக இருக்கும், விலகி நிற்கிற கிழவனின் மூச்சு என்று றொய்சன் நினைத்தான். அப்படி நினைக்க வசதியாக இருந்தது. ஆனால் காஸ்வெலுக்குச் சளி. இந்த மூச்சில் சளி இல்லை. உள்ளே போகும்போது மூக்கில் மெல்லிய விசில், வெளியே வரும்போது ஒன்றுமில்லை. அதை எங்கேயோ கேட்டிருக்கிறான். எங்கே என்று தேட அவனுக்கு விருப்பமில்லை.

கிழமைத் தொடக்கத்தில் முடித்து வைத்த உருளைகளின் பதிவுகளைத் திரும்பத் திறந்தான். முதலாவது. அதில் முன்பு ஒன்றுமே இருந்ததில்லை, நல்ல ஞாபகம். இப்போது இருந்தது. இரண்டாவது. இருந்தது, இன்னும் கிட்ட. மூன்றாவதில் அறிவிப்புக்கே இடமில்லாதபடி காது முழுக்க அதுதான். ஒலிவரைபடத்தில் கோடு நேராகக் கிடந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, காதுக்கு ஒருவன்.

பதிவை நிறுத்தினான். மூச்சு கேட்டது.

ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினான். கேட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் இரைந்துகொண்டிருந்தது, அதுதான் என்று எழும்பிப் போய் அதன் சுவிச்சை அணைத்தான். இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்து, தகரம் இரண்டு தரம் டிக்கென்று சுருங்கி, வீடு முழுவதும் அமைதியானது. அந்த அமைதியில், அவனுடைய பிடரிக்கு ஒரு முழத் தூரத்தில், மூக்கில் மெல்லிய விசிலோடு, ஒருவன் மூச்சை உள்ளே இழுத்தான். வெளியே விடவில்லை. பாடப்போகிறவன் அப்படித்தான் இழுத்து வைத்திருப்பான்.

றொய்சன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாருமில்லாத இடத்திலிருந்து அது வருவதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. பயத்துக்குள்ளும் முன்னுக்கு நின்றது வெட்கம்தான். கள்ளன் வீட்டுக்காரனைக் கண்டதுபோல் உடம்பெல்லாம் கூசியது. மன்னிச்சுக்கொள் என்று சொல்ல வாய் வந்தது, சொன்னால் யாரிடம் சொல்கிறேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும் என்று நாக்கு மடங்கிக்கொண்டது. யேசுவே என்று மட்டும் சொன்னான், அதுவும் சத்தமில்லாமல்.

மேசைக்குப் போய் உட்கார்ந்தான். பழைய ஹார்ட் டிஸ்கைப் பொருத்தினான். பார்க்டேல் பதிவுகள் ஒன்பதும் அதில் கிடந்தன. கொடுத்துவிடலாம், ஆனால் முழுதாக இல்லை என்று மனம் ஓடியது. அந்த நேரத்திலும் அப்படித்தான் ஓடியது. சீடியில் வராத ஒரு துண்டு, ஒரு செருமல், ஒரு முணுமுணுப்பு, ஏதாவது ஒன்றை வெட்டி அனுப்பி, தேடினேன் தங்கச்சி, இதுதான் கிடந்தது என்று சொல்லிவிட்டால் அன்ரனெற்றுக்கும் சந்தோசம், தனக்கும் பாதகமில்லை. இருபது வருசமாகப் பூசி மெழுகியதில் இதையும் சேர்த்துப் பூசலாம் என்று நினைத்தான். நினைத்துவிட்டு அந்த நினைப்புக்காகவும் கூனிக் குறுகினான். ஆனாலும் முதலாவது பதிவைத் திறந்து, இரைச்சலை நீக்கி, கட்டத்தில் சரி போட்டு, குப்பையைக் கேட்கத் தொடங்கினான்.

மெத்தை உரசுகிற சத்தம். வெளியே தூரத்தில் ஸ்ட்ரீட்கார் மணி. பிறகு பக்கத்தில் நின்று சொல்வதுபோல் ஒரு குரல்.

"என்ர பேர் இக்னேசியஸ். ஊர் பேசாலை." சிரிப்பு. "காணுமோடா?"

இதைத்தான் அவன் அழித்தான். தன் கையாலேயே அழித்தான். இந்த டிஸ்க்கில் அந்தத் துண்டு இல்லை, இருக்க வழியில்லை. இரண்டாவது பதிவைத் திறந்தான். அதே பெயர், அதே ஊர், சிரிப்பு இல்லை. மூன்றாவது. பெயர் மட்டும். நான்காவது, ஐந்தாவது, பெயர், பெயர். எல்லாவற்றிலும் ஒரே நிதானம், கோபமில்லை, குறை சொல்கிற தொனி இல்லை. காணுமோடா, இவ்வளவு போதுமோடா என்று அவன் கேட்டது மட்டும் காதுக்குள் நின்றது. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது றொய்சனுக்கு. ஒன்பதாவது பதிவில் பெயரும் இல்லை. உள்ளே இழுக்கிற மூச்சு மட்டும். நீண்டு, நீண்டு, முடியாமல்.

அவனுடைய நெஞ்சு இறுகியது. இழுக்கப்படுவது தன்னுடைய காற்று என்று அப்போதுதான் விளங்கியது.

போனை எடுத்தான். சொல்லிவிடலாம். முழுதாக. வெட்டாமல், மறைக்காமல். நான் பாடேல்லைத் தங்கச்சி, அவ்வளவும் உம்மட மனுசன் பாடினது என்று இரண்டு வசனம். பயத்தில் சொல்கிறானா மனம் வந்து சொல்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்னால் போதும். மணி அடித்தது. மூன்று தரம். நான்கு. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான்.

"ஹலோ, றொய்சன் அண்ணையோ?"

வாயைத் திறந்தான்.

"அன்ரனெற்," என்றது வாய்.

அவன் சொல்ல வந்தது தங்கச்சி என்று. இது அவனுடைய குரலில்லை. அவனுடைய தொண்டை வழியாக வந்தது, ஆனால் தொண்டை அசையவில்லை. நாக்கு கீழ்த்தாடையில் செத்துக் கிடந்தது.

போனுக்கு மறுபக்கம் கதிரையைப் பிடித்து உட்காருகிற சத்தம் வந்தது. பிறகு அன்ரனெற் மிக மெதுவாக, சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்ற பயத்தோடு கேட்டாள்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"இஞ்சதான்," என்றது வாய். "இவ்வளவு நாளும் இஞ்சதான்."

றொய்சன் வாயை மூடப் பார்த்தான். தாடையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினான். மூடவில்லை. மறுபக்கம் அன்ரனெற் அழுதுகொண்டு மகளைக் கூப்பிட்டாள், ஓடிவந்த காலடி கேட்டது, மூச்சிரைக்க ஒரு இளம் குரல் கேட்டது.

"அப்பாவா? ஓ மை காட். அப்பாவா?"

"ஓமடா பிள்ளை."

அந்த இரண்டு சொல்லில் இருந்த அன்பைத் தாங்க அவனால் முடியவில்லை. ஐயோ, அவ்வளவு அன்பு தன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. மெலிசா ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டாள். தான் அதைப் போனில் பதிவு செய்யப்போவதாகவும் சொன்னாள், அழுகையும் சிரிப்புமாக. ஓமென்றது வாய். பாடியது.

சீடியின் முதற் பாட்டு. ரொறன்ரோ முழுவதும் அழுத பாட்டு. தெளிந்து, ஏறி, நின்றது. றொய்சனுக்கு அந்தப் பாட்டு தலைகீழ்ப் பாடம். முதல் வரி முடிகிற இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், எடுக்காமல் யாராலும் இரண்டாவது வரிக்குப் போக முடியாது. குரல் எடுக்கவில்லை. இரண்டாவது வரி போனது. மூன்றாவது. அவனுடைய நெஞ்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. காற்று உள்ளே வரவில்லை. வாய் முழுக்க இன்னொருவன் இருந்தான். காற்றுக்கு வழியில்லை.

நகங்கள் நீலம். திரை மங்கியது.

மேலே கதவு திறந்தது.

கிளடிஸ். கடவுளே, கிளடிஸ். அவள் வந்துவிட்டாள், பார்த்துவிடுவாள், நெஞ்சில் குத்துவாள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாள். அவன் கையைத் தூக்கினான். அரைவாசிதான் வந்தது. பூட்ஸ் கழற்றாத காலடி படியில் இறங்கியது. ஒரு படி. இரண்டு படி. நின்றது.

"றொய்சன்," என்றாள் கிளடிஸ். அவளுடைய குரல் உடைந்துபோயிருந்தது. "உங்கட குரல்."

திரும்பி அவளைப் பார்க்க முடிந்தது. கோட்டுத் தோளில் பனி கரைந்துகொண்டிருந்தது. தகப்பனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட குரல், தேடிக்கொண்டு வந்த குரல், பதினெட்டு வருசமாகத் தேனும் சுடுதண்ணீரும் வைத்துக் காத்த குரல். அவளுடைய முகம் அவன் ஒருநாளும் கண்டிராத அளவுக்கு அழகாக இருந்தது. பார், என்னைப் பார், இது நானில்லை என்று கத்த நினைத்தான். வாய் அடுத்த வரிக்குப் போனது.

கிளடிஸ் கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். ஒன்றையும் தவறவிடாமல் கேட்க வேண்டும் என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இன்னும் ஒரு வரி. இன்னும் ஒன்று. அவனுடைய கை மேசையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் திறந்தபடி, நெஞ்சு அசையாதபடி, குரல் மட்டும் அறை நிறைய நின்று பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் போனில் மெலிசா, இன்னும் ஒன்று பாடுங்கோ அப்பா என்றாள். வாய் பாடத் தொடங்கியது.

கிளடிஸ் கண்ணைத் திறக்கவில்லை.